நகரை நிறுவியவர் யார்?

ஒரு நகரம் எந்த நாளில் பிறக்கிறது? முதற்குடிசை எழுந்த நாளிலா, முதற்சாலை வந்து சேர்ந்த நாளிலா, அன்றி ஆட்சியாளர் சாசனம் வழங்கிய நாளிலா? இவ்வினா வரலாற்று மாணவர்க்கு மட்டும் உரியதன்று. ஒருவரை நகரை நிறுவியவர் என்று போற்றும்பொழுதே, அவருக்கு முன்னர் அவ்விடத்தில் வாழ்ந்தோரைப் பற்றியும் ஒரு தீர்ப்புச் சொல்லப்பட்டுவிடுகிறது. நிறுவுதல் என்னும் சொல் இல்லாததை உண்டாக்குதல் என்னும் பொருளைத் தன்னுள் அடக்கியுள்ளது. இருந்ததை இல்லாததாகக் கொண்டாலன்றிச் சில இடங்களில் அச்சொல் பொருந்தாது. ஆகவே நகரை நிறுவியவர் யார் என்னும் வினா முதலில் உரிமை பற்றிய வினாவாகி, ஆழ்ந்து நோக்குங்கால் அறம் பற்றிய வினாவாகவே விரிகிறது.

இவ்வினாவை ஆராய்வதற்குப் பிலிப்பைன்ஸ் நாட்டின் பாகியோ நகரைப்போல் தக்க சான்று கிடைத்தல் அரிது. வட லூசோனில், பெங்கெட் மாநிலத்து மலைகளுக்கிடையே, கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஊசியிலை மரங்கள் சூழ அமைந்தது அந்நகரம். 1909ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் அதற்கு நகரத் தகுதி வழங்கப்பட்டது. ஆண்டுதோறும் அந்நாளே நகரின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுகிறது. ஆனால் அதே 1909ஆம் ஆண்டின் பிப்ரவரி 23ஆம் நாள், அந்நிலத்தின் ஒரு பகுதியைப் பற்றி அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியிருந்தது. ஒன்று, நகரைத் தோற்றுவித்த சாசனம். மற்றொன்று, நகர் தோன்றுமுன்பே அம்மண்ணுக்கு உரியவர் இருந்தனர் என்று ஒப்பிய தீர்ப்பு. ஆறு திங்கள் இடைவெளியில் பிறந்த இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள முரண்பாடே ஆராயத்தக்கது.

சாசனத்திற்கு முன்

பாகியோ என்னும் பெயர் பாசியைக் குறிக்கும் இபாலோய் மொழிச் சொல்லிலிருந்து வந்ததென்பர். இன்று நகரின் நடுவாக விளங்கும் இடம் அந்நாளில் கஃபாக்வாய் எனப்பட்டது. அங்கே இபாலோய் மக்களின் சிற்றூர் இருந்தது. வீடுகள் சிலவே. ஆயினும் அவற்றைச் சூழ்ந்த புல்வெளிகள் பரந்தவை. அவை வெறும் புல்வெளிகளல்ல. ஆநிரைகள் மேய்ந்த நிலங்கள். இன்னாருடைய மேய்ச்சல் நிலம் இதுவரை என்பதை அண்டை அயலார் அறிந்திருந்தனர். வேலிகள் இருந்தன. தந்தையிடமிருந்து மகனுக்கு நிலம் செல்லும் முறையும் இருந்தது. பெங்கெட் மலைகளில் எடுத்த பொன்னைச் சமவெளி மக்களிடம் கொடுத்து வேண்டிய பொருள்களைப் பெறும் வாணிகமும் நெடுங்காலமாக நடந்துவந்தது.

இச்சமுதாயம் குறையற்ற சமத்துவச் சமுதாயம் என்று எண்ணிவிடலாகாது. பக்நாங் எனப்பட்ட செல்வக் குடியினர் ஆநிரைகளையும் நிலத்தையும் மிகுதியாக உடையராய் இருந்தனர். எளியோர் அவர்களை அண்டி வாழ்ந்தனர். இதனை மறைத்து, பழங்குடியினரைக் களங்கமற்ற குழந்தைகளாகச் சித்திரித்தல் அவர்களுக்கு மதிப்பளிப்பதாகாது. உடைமை, மரபு, வழக்கு, வாணிகம், ஏற்றத்தாழ்வு ஆகிய அனைத்தும் கொண்ட ஒரு மாந்தச் சமுதாயமாகவே அது இருந்தது. உரிமை பெறுவதற்குக் குறையற்றவராய் இருத்தல் வேண்டும் என்பது எந்நாட்டு நீதியும் அன்று.

ஸ்பானியர் பிலிப்பைன்ஸ் தீவுகளை முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆண்டனர் என்று நூல்கள் கூறும். ஆனால் லூசோனின் வடமலைகளில் அவர்தம் ஆட்சி உறுதியாக வேரூன்றவில்லை. 1829இல் கில்லெர்மோ கால்வே என்னும் படைத்தலைவர் பெங்கெட் பள்ளத்தாக்கினுள் புகுந்தார். பின்னர் லா திரினிடாட் என்னும் இடத்தில் ஆட்சி நிலையம் அமைந்தது. அதற்கு அணித்தாக இருந்தும் கஃபாக்வாய் மேய்ச்சல் நிலமாகவே விளங்கிற்று. ஸ்பெயின் நாடு 1898இல் பாரிஸ் உடன்படிக்கையின்வழித் தீவுகளை அமெரிக்காவிடம் ஒப்படைத்தபோது, இம்மலைநிலமும் அக்கணக்கில் சேர்ந்தது. தான் முழுதும் ஆளாத நிலத்தை ஒருவர் கொடுக்க, தான் இன்னும் காணாத நிலத்தை மற்றொருவர் பெற்றுக்கொண்டார்.

சாலையும் அதன் விலையும்

1900ஆம் ஆண்டு சூலைத் திங்களில் டீன் வூஸ்டர், லூக் ரைட் என்னும் இரு ஆணையர்கள் பெங்கெட் மலைக்கு வந்து பார்வையிட்டனர். மணிலாவின் வெப்பத்தில் அமெரிக்க அலுவலரும் படைவீரரும் நோயுற்று வருந்தினர். இந்தியாவில் பிரித்தானியர் சிம்லாவை அமைத்ததுபோல் தமக்கும் ஒரு குளிர்மலை நகரம் வேண்டும் என்று ஆட்சியாளர் கருதினர். ஊசியிலைக் காட்டின் குளிர்ந்த காற்று அவ்வாணையர்களுக்குத் தாய்நாட்டை நினைவூட்டியது. அவ்வாண்டு முடியுமுன்னரே மலைச்சாலைக்கென 75,000 டாலர் ஒதுக்கப்பட்டது.

புவெத் ஆற்றின் பள்ளத்தாக்கு வழியே சாலை செல்லவேண்டும் என்பது திட்டம். தாளில் இலகுவாகத் தோன்றிய வழி, பாறையிலும் வெள்ளத்திலும் வேறாக இருந்தது. 1901இல் தொடங்கிய பணி, பொறியாளர் ஒருவர் மாறி ஒருவராக வந்தும் முடியவில்லை. 1903இல் லைமன் கென்னன் என்னும் படை அதிகாரி பொறுப்பேற்றார். 1905 சனவரி 29ஆம் நாள் அவர் மலையுச்சியை அடைந்தார். அதற்குள் செலவு இருபது இலட்சம் டாலரை நெருங்கிவிட்டது. முதல் மதிப்பீட்டினும் இது இருபத்தைந்து மடங்குக்கு மேற்பட்டது. சமவெளிப் பிலிப்பினோக்கள், மலைவாழ் இகோரோட் மக்கள், சப்பானியர், சீனர், அமெரிக்கர் எனப் பல நாட்டினர் அதில் உழைத்தனர். பாறைச் சரிவிலும் வெடியிலும் நோயிலும் உயிர் நீத்தோர் பலர். சாலைக்கு 1922இல் கென்னன் பெயர் சூட்டப்பட்டது. உயிர் நீத்தோர் பெயர் எந்த மைல்கல்லிலும் பொறிக்கப்படவில்லை.

அவ்வுழைப்பாளருள் சிலர் பணி முடிந்ததும் தெற்கே மிந்தானாவோ தீவின் தாவாவோவுக்குச் சென்று, அபாக்கா நார்த்தோட்டங்களில் குடியேறினர். சப்பானியத் தச்சர் சிலர் பாகியோவிலேயே தங்கி வீடுகள் கட்டினர், தோட்டங்கள் அமைத்தனர். ஒரு சாலையின் கூலிகள் இரு நகரங்களின் வளர்ச்சிக்கு விதையாயினர். நிறுவியோர் பட்டியலில் இவர்களுக்கு இடமுண்டா என்னும் வினாவும் இங்கே எழுகிறது.

மலையும் தன் கணக்கைத் தீர்க்காமல் விட்டுவிடவில்லை. 1911 சூலை 14, 15ஆம் நாள்களில், இருபத்துநான்கு மணி நேரத்திற்குள் பாகியோவில் 1,168 மில்லிமீட்டர் மழை பெய்தது. அந்நாளில் உலகில் அளவிடப்பட்ட மழையிலெல்லாம் மிகப் பெரியது அதுவே. ஆண்டுதோறும் பாலங்கள் உடைவதும், ஆட்சி மீண்டும் செலவிடுவதும் வழக்கமாயிற்று. ஏழை நாட்டின் பொருளை ஆள்வோரின் குளிர்ச்சிக்குச் செலவிடுவது முறையா என்று மணிலா இதழ்கள் கேட்டன. பின்னாளில் நாட்டின் தலைவர்கள் தாமே அம்மலையில் வீடு கட்டிக்கொண்டபோது அக்குரல் தணிந்தது.

வரைபடத்தில் தோன்றிய நகரம்

1903 சூன் முதல் நாள் பாகியோ கோடைத் தலைநகராக அறிவிக்கப்பட்டது. 1904இல் ஆணையம் அங்கே கூடி அமர்வு நடத்தியது. இன்றும் நகரின் முதன்மைத் தெருவுக்கு அமர்வுச் சாலை என்னும் பொருள்படும் பெயரே வழங்குகிறது. சிகாகோவைச் சேர்ந்த புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் டேனியல் பர்னம் 1904ஆம் ஆண்டின் இறுதியில் வந்தார். தீவுகளில் அவர் தங்கியது ஏறத்தாழ ஆறு வாரம். அதில் பாகியோவில் கழித்தவை சில நாள்களே. மணிலாவுக்கும் பாகியோவுக்கும் அவர் வரைந்த திட்டங்கள் 1905இல் நிறைவுபெற்றன. பாகியோவுக்கான திட்டம் 25,000 மக்களுக்கு உரியது. ஒரு புறத்தே அரசு மனைகள், எதிர்ப்புறத்தே நகர அலுவலகம், இடையே நீண்ட பூங்கா, மலைச்சரிவுகளைத் தழுவிச் செல்லும் தெருக்கள் என அத்திட்டம் அழகியது. மலையைச் சிதைக்காமல் நகரை அதன்மேல் பொருத்த முயன்ற திட்டம் அது. இப்பாராட்டு அதற்குரியதே.

1906இல் மனைகள் ஏலம் விடப்பட்டன. மனை கொண்டோருள் ஆட்சிப் பொறுப்பிலிருந்தோரும் இருந்தனர். 1908இல் ஆசிரியர்களுக்கென ஒரு கோடை முகாம் தொடங்கப்பட்டது. தொலைதூரத்துப் பள்ளிகளிலிருந்து வந்த ஆசிரியர்கள் கூடாரங்களில் தங்கிச் சொற்பொழிவுகள் கேட்டனர். பின்னர்ப் பள்ளிகள் எழுந்தன. கல்லூரிகள் தோன்றின. கல்வி நகர் என்னும் பெயரும் பாகியோவுக்கு வாய்த்தது. பல தலைமுறை மாணவர்க்கு அந்நகரம் அறிவு தந்தது என்பதில் ஐயமில்லை. நன்மை நிகழ்ந்தது என்பதை மறுத்துவிட்டு அறம் பேசுவது எளிது. நன்மையை ஒப்புக்கொண்டு அறம் பேசுவதே கடினமானது, பயனுடையது.

திட்டத்தின் அழகில் ஒரு குறை இருந்தது. வரைபடத்தாள் வெண்மையானது. அதில் வேலி இல்லை, ஆநிரை இல்லை, இன்னார் மகன் இன்னாருக்கு உரியது என்னும் வழக்கும் இல்லை. பூங்காவென வரைந்த இடம் வேறொருவர் மேய்ச்சல் நிலம் என்பது தாளுக்குத் தெரியாது. ஆட்சியாளருக்கோ தெரியும். ஏனெனில் அப்பொழுதே அந்நிலம் பற்றிய வழக்கொன்று நீதிமன்றத்தில் இருந்தது.

கரிஞ்யோவின் வழக்கு

மத்தேயோ கரிஞ்யோ இபாலோய் குடியினர். செல்வக் குடியில் பிறந்தவர். ஏறத்தாழ 146 ஹெக்டேர் நிலம் தமக்கு உரியதெனப் பதிவு செய்யுமாறு அவர் நிலப்பதிவு நீதிமன்றத்தை நாடினார். அவருடைய பாட்டனார் அந்நிலத்தில் ஆநிரைகளுக்காக வேலி அமைத்திருந்தார். தந்தையார் ஒரு பகுதியை உழுது, மற்றொரு பகுதியை மேய்ச்சலுக்குப் பயன்படுத்தினார். இகோரோட் வழக்கப்படி நிலம் அவருக்கு வந்தது. அண்டையிலிருந்தோர் அனைவரும் அவரையே உரியவராக ஏற்றிருந்தனர். இவை எல்லாம் சான்றுகளால் நிறுவப்பட்டன. இல்லாதது ஒன்றுதான். ஸ்பெயின் அரசு வழங்கிய பட்டயம் அவரிடம் இல்லை. அதனைப் பெற அவர் முயலாமலும் இல்லை. 1893–94இலும், மீண்டும் 1896–97இலும் அவர் விண்ணப்பித்தார். ஒன்றும் கைகூடவில்லை.

1904 மார்ச்சில் நிலப்பதிவு நீதிமன்றம் அவர் வேண்டுகோளை ஏற்றது. ஆனால் அரசு அந்நிலத்தைப் பொதுப்பணிக்கும் படைத்துறைக்கும் என எடுத்துக்கொண்டிருந்தது. 1903 அக்டோபரிலேயே அமெரிக்கத் தலைவர் தியோடோர் ரூசவெல்ட்டின் ஆணையால் ஜான் ஹே முகாம் அங்கே தோன்றியிருந்தது. அரசு மேல்முறையீடு செய்தது. மேல் நீதிமன்றம் கரிஞ்யோவின் வேண்டுகோளைத் தள்ளியது. பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றமும் அதனையே உறுதிசெய்தது. வழக்குக் கடல் கடந்து வாஷிங்டன் சென்றது.

அங்கே தீர்ப்பெழுதியவர் நீதியரசர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். அரசின் வாதம் வலிமையானதாகவே தோன்றிற்று. தீவுகளின் நிலமெல்லாம் ஸ்பெயின் முடிக்கு உரியவை; முடியிடமிருந்து பட்டயம் பெறாதவர் உரியவராகார்; முடியின் உரிமை அமெரிக்காவுக்கு வந்துவிட்டது என்பதே அவ்வாதம். ஹோம்ஸ் இதனை ஏற்கவில்லை. நினைவுக்கு எட்டிய காலமுதல் தனியுடைமையாகக் கொண்டுவந்த நிலம், ஸ்பானியர் வருகைக்கு முன்னரும் அவ்வாறே இருந்ததென்றும், அது எக்காலத்தும் அரசு நிலமாக இருந்ததில்லையென்றும் கொள்ளவேண்டும் என்று அவர் முடிவுசெய்தார். முறைவழியன்றி எவரிடமிருந்தும் உடைமையைப் பறித்தலாகாது என அமெரிக்கா தீவு மக்களுக்கு உறுதியளித்திருந்தது. எவரும் என்னும் அச்சொல்லில் பெங்கெட் மக்கள் அடங்கமாட்டார்கள் என்றோ, அவர்கள் கேள்வியேபடாத சடங்குகளால் உண்டான உடைமை மட்டுமே உடைமை என்றோ அந்நாடு கருதியிருத்தல் இயலாது என்றும் அவர் விளக்கினார்.

தீர்ப்பு வென்றது. நிலமோ திரும்பவில்லை. முகாம் முகாமாகவே இருந்தது. 1922இல் மற்றொரு வழக்கில், பாகியோ நகர எல்லைக்குள் தனியார் பெயரில் பதிவுபெறாத நிலங்களெல்லாம் அரசு நிலமே என்று உள்ளூர் நீதிமன்றம் முடிவுசெய்தது. கரிஞ்யோவின் பெயர் சட்டநூல்களில் நிலைத்தது. அவர் வழியினர்க்கு நிலைத்தது வழக்கே.

நான்கு வாதங்கள்

நகரை நிறுவியோர் சார்பில் கூறக்கூடிய வாதங்களை நடுநிலையோடு எண்ணிப் பார்த்தல் வேண்டும். முதலாவது, பலர் நலம் என்னும் வாதம். சில குடும்பங்களின் மேய்ச்சல் நிலத்தில் ஆயிரம் ஆயிரம் மக்கள் வாழும் நகரம் எழுந்தது. சிலரின் இழப்பினும் பலரின் நலம் பெரிதன்றோ என்பர். பொது நலத்திற்காக ஒருவர் நிலத்தை எடுக்கும் தேவை எந்நாட்டிலும் நேரலாம். அப்போது அவரை உரியவர் என ஒப்பி, அவரிடம் கேட்டு, ஈடு கொடுத்து எடுப்பது முறை. பாகியோவில் நிகழ்ந்தது அதுவன்று. நிலம் உனக்கு வேண்டும், எங்களுக்கும் வேண்டும் என்று சொல்லப்படவில்லை. நிலம் உனக்கு என்றுமே உரியதாக இருந்ததில்லை என்று சொல்லப்பட்டது. பொருளைப் பறித்தல் ஒரு தீங்கு. பொருள் இருந்ததையே மறுத்தல் அதனினும் பெருந்தீங்கு. முன்னது ஈடு செய்யத்தக்கது. பின்னது ஈடு கேட்கும் வாயையே அடைத்துவிடுகிறது. பலர் நலம் முன்னதை ஒருகால் நியாயப்படுத்தலாம். பின்னதற்கு அது துணைநில்லாது.

இரண்டாவது, உழைப்பு என்னும் வாதம். இயற்கையோடு தன் உழைப்பைக் கலந்தவனே நிலத்துக்கு உரியவன் என்று பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கில மெய்யியலார் ஜான் லாக் எழுதினார். புல்வெளியைக் கிடந்தவாறே விட்டவரினும், அதில் தெருவும் பள்ளியும் அமைத்தவர் உயர்ந்த உரிமை உடையர் என்று இதன்வழிக் கூறுவர். ஆனால் வேலி உழைப்பன்றா? ஆநிரை பேணுதல் உழைப்பன்றா? தமக்குப் பழக்கமான உழைப்பை மட்டும் உழைப்பென எண்ணுவது, தம் மொழியை மட்டும் மொழியென எண்ணுவது போன்றதே. மேலும், உழைப்பே உரிமைக்கு அடிப்படையானால், சாலையில் பாறை உடைத்த கூலிகளுக்கன்றோ முதற்பங்கு உரியது? ஏலத்தில் மனை பெற்றவர் பாறை உடைத்தவரல்லர். உழைப்பு வாதத்தை எடுத்தோர் அதனை இறுதிவரை கொண்டுசெல்லவில்லை.

மூன்றாவது, நாகரிகம் என்னும் வாதம். மலைமக்கள் சட்டம், பதிவு, நகரம் என்பவற்றை அறியாதவர். அவர்களுக்கு அவற்றைக் கொணர்ந்ததே பெரும்பேறு என்பர். 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் இகோரோட் மக்களை ஊரோடு அமைத்துக் காட்சிப்பொருளாக வைத்தனர். காண்போர் கட்டணம் செலுத்திக் கண்டனர். அதே ஆண்டில் அம்மலையைச் சேர்ந்த ஒருவர் வழக்கறிஞரை அமர்த்தி, சான்றுகளை அடுக்கி, அரசுக்கு எதிராக நீதிமன்றத்தில் நின்றார். சட்டத்தை அறியாதவர் என்று சொல்லப்பட்டவர் சட்டத்தின் வழியே நின்றார். சட்டத்தைக் கொணர்ந்ததாகக் கூறியவரோ தீர்ப்புக்குப் பின்னும் நிலத்தை விடவில்லை. நாகரிகம் எப்பக்கம் இருந்தது என்பதைக் கற்போர் தாமே தெளியலாம்.

நான்காவது, காலம் என்னும் வாதம். இதுவே நான்கினுள் வலியது. நூறாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. நிறுவியோரும் இழந்தோரும் மறைந்தனர். இன்று அங்கே வாழ்வோர் ஒரு குற்றமும் அறியாதவர். பழைய கணக்கைத் திறந்தால் எந்த ஊர்தான் நிலைக்கும் என்பர். இவ்வாதத்தில் உண்மை உண்டு. நெடுங்காலம் ஓரிடத்தில் வாழ்ந்தவர்க்கு அவ்விடத்தில் ஓர் உரிமை பிறக்கிறது. பிறந்த வீட்டையும் பயின்ற பள்ளியையும் புதைத்த பெற்றோரையும் உடைய ஒருவரை வந்தேறி எனத் துரத்துதல் புதிய கொடுமையேயாகும். ஆனால் இவ்வாதத்தின் வேர் எது? நெடுங்கால வாழ்வு உரிமை தரும் என்பதே. அவ்வேரின்மேல்தான் கரிஞ்யோவின் வழக்கும் நின்றது. காலத்தின் பெயரால் முதலில் காக்கப்பட்டிருக்க வேண்டியவர் அவரே. இன்று நகரில் வாழ்வோரைக் காக்கும் நியாயமும் அன்று அவருக்கு மறுக்கப்பட்ட நியாயமும் ஒன்றே. ஒன்றை வேண்டுவோர் மற்றொன்றைத் தள்ளுதல் இயலாது.

குற்றமும் பொறுப்பும்

அவ்வாறாயின் இன்று அந்நகரில் வாழ்வோர் செய்யத்தக்கது யாது? குற்றம் வேறு, பொறுப்பு வேறு என்னும் பாகுபாட்டை உணர்ந்தாலன்றி இதற்கு விடை கிடையாது. குற்றம் செய்தவனோடு முடிவது. தந்தை செய்த களவுக்காக மகனைச் சிறையிடுதல் நீதியன்று. பொறுப்போ பயன் பெறுவதோடு தொடர்வது. களவுப் பொருள் என்று அறிந்தபின்னும் அதனைத் துய்த்துக்கொண்டே, களவு நடக்கவேயில்லை என்று கூறும் மகன், தந்தையின் குற்றத்தைச் செய்யாதவனாயினும் தன் பொறுப்பைத் தவறவிட்டவன் ஆகிறான். நகரங்களுக்கும் இது பொருந்தும். பாகியோவுக்குப் பின்னர்க் குடிபெயர்ந்த இலோக்கானோ உழவரும், சீன வணிகரும், பிற மலைக்குடியினரும் எவர் நிலத்தையும் பறிக்க வந்தவரல்லர். பிழைக்க வந்தவர்கள். அவர்களிடம் குற்றம் தேடுவது வீண். அந்நகரின் வரலாற்றை உண்மையாகச் சொல்லும் பொறுப்பும், இயன்ற இடத்தில் நீதி நடக்க இடந்தரும் பொறுப்பும் அவர்களுக்கு உண்டு.

அப்பொறுப்பு எவ்வளவு கடினமானது என்பதைப் பிற்கால வரலாறு காட்டுகிறது. 1997இல் பிலிப்பைன்ஸ் நாடு பழங்குடி மக்களின் உரிமைச் சட்டத்தை இயற்றியது. முன்னோர் நிலம் என்னும் உரிமையை அச்சட்டம் ஏற்றது. அதன் அடிப்படைகளுள் ஒன்று கரிஞ்யோ வழக்கின் தீர்ப்பே. 2000ஆம் ஆண்டில் அச்சட்டம் செல்லாதென வழக்குத் தொடுக்கப்பட்டபோது, நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் நீதியரசர்கள் ஏழுபேருக்கு ஏழுபேராகப் பிரிந்து நின்றனர். ஆகவே சட்டம் நிலைத்தது. ஆனால் அச்சட்டத்தின் 78ஆம் பிரிவு, பாகியோ நகரம் தன் பழைய சாசனப்படியே ஆளப்படும் என்றும், நகர எல்லைக்கென ஒதுக்கிய நிலங்கள் அவ்வாறே நீடிக்கும் என்றும் கூறுகிறது. அதற்கு முன்னரே ஏற்கப்பெற்ற உரிமைகள் மட்டும் விலக்குப் பெறும். பாகியோ மண்ணில் முளைத்த நீதி, தீவுகள் எங்கும் சென்று நிழல் தந்தது. முளைத்த இடத்திலோ அது வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டது. ஜான் ஹே முகாமை 1991 சூலையில் அமெரிக்கர் திருப்பித் தந்தபோதும் அது பிலிப்பைன்ஸ் அரசின் கைக்கே வந்தது. ஆள்வோர் மாறினர். பழைய வினா மாறவில்லை.

இதிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. அந்நியர் செய்த தவற்றைக் கண்டிப்பது எளிது. அத்தவற்றின் பயன் தம் கைக்கு வந்தபின் அதனைத் திருத்துவது அரிது. விடுதலை பெற்ற நாடுகள் பலவற்றிற்கும் இது பொதுவான சோதனை. ஆட்சி மாற்றம் அறமாற்றம் ஆகிவிடாது.

நினைவும் ஒரு நீதி

நிலத்தைத் திருப்பித் தருதல் எல்லா இடத்தும் இயலாது என்பது உண்மையே. ஆயினும் இயலாதது என்னும் சொல், இயன்றதையும் செய்யாமல் விடுவதற்குச் சாக்காகிவிடக்கூடாது. பாகியோவில் சில நற்செயல்கள் நிகழ்ந்துள்ளன. பிப்ரவரி 23ஆம் நாள் இபாலோய் நாள் என ஏற்கப்பட்டுக் கொண்டாடப்படுகிறது. பர்னம் பெயர் தாங்கிய பூங்காவின் ஒரு பகுதி இபாலோய் மரபுத் தோட்டமாக ஒதுக்கப்பட்டுள்ளது. இது சிறிதென்று சிலர் கூறுவர். சிறிதே. ஆயினும் இருந்ததே இல்லை என்று சொல்லப்பட்டவர், இருந்தோம் என்று கூடிநின்று சொல்லும் இடம் அது. மறுத்தலே பெருந்தீங்கெனில், ஒப்புதலே திருத்தத்தின் முதற்படியாகும். முதற்படி முழுப்பயணமன்று என்பதையும் மறத்தலாகாது.

நகரின் இன்றைய நிலையும் ஒரு பாடம் புகட்டுகிறது. 25,000 மக்களுக்கென வரைந்த நகரில், 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி மூன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். சரிவுகளெங்கும் வீடுகள் நெருங்கின. 1990 சூலை 16ஆம் நாள் நிகழ்ந்த பெருநிலநடுக்கத்தில் உயர்ந்த கட்டடங்கள் சரிந்தன, சாலைகள் துண்டிக்கப்பட்டன, நகரம் தனித்து நின்றது. நிலத்திற்கு முன்பே உரியவர் இருந்தனர் என்பதை மறந்த மனம், நிலத்திற்கும் ஓர் எல்லை உண்டு என்பதை மறப்பது வியப்பன்று. இரண்டும் ஒரே மறதியின் இரு கிளைகள். நிலம் வெறும் மனையென்று கருதும் கண்ணுக்கு, அதன்மேல் வாழ்ந்தோரும் தெரிவதில்லை, அதன் தாங்கும் ஆற்றலும் தெரிவதில்லை.

நகரை நிறுவியவர் யார் என்னும் முதல் வினாவுக்கு இனி விடை காணலாம். திட்டம் வரைந்தவர் நகருக்கு வடிவம் தந்தார். சாலை அமைத்தவர் அதற்கு வழி தந்தனர். பெயரற்ற கூலிகள் உயிர் தந்தனர். குடியேறியோர் வாழ்வு தந்தனர். இபாலோய் மக்கள் நிலம் தந்தனர் என்று இவ்வரிசையை முடித்தால் செவிக்கு இனிமையாக இருக்கும். ஆனால் அது பொய். அவர்கள் தரவில்லை. அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது. நிறுவியோர் பட்டியலை நீட்டி அனைவரையும் அதில் சேர்த்துவிடுவதால் அறக்கடன் தீர்ந்துவிடாது. தந்தவரையும் இழந்தவரையும் பிரித்தறிந்து கூறுவதே உண்மை வரலாறு.

இவ்வேறுபாட்டை முதலில் கற்பிக்கவேண்டிய இடம் வகுப்பறையே. பாகியோ நகரம் 1909இல் நிறுவப்பட்டது என்னும் வரியை ஒரு மாணவன் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றுவிடலாம். அவ்வரி பொய்யன்று. ஆனால் அதன் பக்கத்தில் அதே ஆண்டில் நிகழ்ந்த மற்றொன்றையும் எழுதச் சொல்லும் ஆசிரியர், அம்மாணவனுக்கு ஒரு செய்தியை மட்டும் கற்பிக்கவில்லை. எந்த ஊரின் பிறந்தநாளைக் கேட்டாலும், அதற்கு முந்திய நாளில் அங்கே யார் இருந்தார் என்று வினவும் பழக்கத்தைக் கற்பிக்கிறார். அப்பழக்கம் உடைய தலைமுறை வளருமானால், கரிஞ்யோவுக்குத் தாளில் கிடைத்த நீதி மண்ணில் இறங்குவதற்கும் ஒருநாள் வழி பிறக்கும்.